செவுத்துல நின்னா தெரியும்

சிரிப்பு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு "போதும்டி, வயிறு வலிக்குது" என்று கெஞ்சுகிற மாதிரி ஒரு சிரிப்பு இன்றைக்கு இந்த ஹவுசிங் போர்டு முழுசுக்கும் காத்திருக்கிறது. ஆனால் அவசரப்படக் கூடாது, வேகுமுன்னே வடித்தால் கஞ்சியும் உருப்படாது சோறும் உருப்படாது, சிரிப்புக்கு உரிய ஆள் இன்னும் படி இறங்கவில்லை. ஆகையால் மோனிஷா ஐந்தாம் பிளாக் இரண்டாம் மாடி நடையின் கோடியில், யாரோ காயப்போட்ட பெட்ஷீட்டுக்குப் பின்னால், போனைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருந்தாள். அங்கே நின்றால் ஆறாம் பிளாக்கின் பக்கச் சுவர் தெரியும். ரயில்வே லைனைப் பார்த்த சுவர். மாடிமாடியாக வெறும் மஞ்சள் அடித்து அப்படியே விட்டுவிட்டுப் போன சுவர். சுவருக்கும் லைனுக்கும் நடுவில் கொஞ்சம் மண் தரை, அந்தத் தரையில்தான் தேசம்மா பெரிம்மா வந்து நிற்கப்போகிறாள், மாவு விற்கிற தேசம்மா, நிற்கச் சொன்னது மோனிஷாதான், ஆனால் மோனிஷாவின் குரலில் அல்ல. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர். எந்தக் குரலும் ஒருமுறை காதில் விழுந்தால் போதும், உள்ளே போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். குப்பை வண்டியில் பாடுகிற குரல், ரயில் தாமதத்துக்கு வருந்துகிற பெண்ணின் குரல், கெமிஸ்ட்ரி டீச்சர் மூக்கடைப்போடு அதட்டுவது, மூன்றாம் பிளாக் பாஸ்டர் ஜெபத்தின் நடுவே இருமுவது, அப்பா குடிக்காத அன்றைக்குப் பேசுவது, குடித்த அன்றைக்குப் பேசுவது. நேற்று சாயங்காலம் அப்பாவின் இன்னொரு சிம்மைப் போட்டுக்கொண்டு அவள் எடுத்து விட்டது மேகனாவின் குரல். மேகனா யார் என்றால், சுவருக்குச் சுவர் படம் வரைய வந்த கும்பலின் தலைவி, பம்பாய்க்காரி, பாதி முடி நீலம், சட்டையில் இருக்கிற பெயின்ட்டை வழித்தால் ஒரு ரூமுக்கே அடிக்கலாம், தமிழை வாயில் போட்டுச் சூடு தாங்காமல் உருட்டுகிறவள். "அம்மா, நான் மேகனா பேசறேன். அந்தோ மஞ்சள் சுவர் இருக்கில்லே, அதிலே உங்கோ முகம் வரையணும். நாளைக்கு காலையிலே நல்லா டிரெஸ் பண்ணி வாங்கோ. நான் வர்ற வரைக்கும் அசையாமே நில்லுங்கோ, வெயில் உங்கோ முகத்திலே எப்படி விழுதுன்னு பாக்கணும்." தேசம்மா ஒன்றே ஒன்று கேட்டாள், லைனப் பாத்த செவுருதானேம்மா என்று. ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு உருண்டதில் மோனிஷாவுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

கும்பல் முந்தாநாளே மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது, அது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது, பெயின்ட் வாங்கப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போவதற்குள் அவர்கள் செய்துவிட்டுப் போன அக்கிரமம் கொஞ்சமா. முதல் பிளாக்கில் ஹெல்மெட் போட்ட கிளி. மூன்றாம் பிளாக்கில் லுங்கி கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துத் தூங்குகிற பூனை, அதன் வால் சரியாகப் பாஸ்டர் வீட்டு ஜன்னலில் போய் முடிகிறது. இரண்டாம் பிளாக்கில் ஒரு தாத்தா வாயைத் திறந்து சிரிக்கிறார், அவர் பல் இருக்க வேண்டிய இடத்தில் பரிமளா அக்காவின் பாத்ரூம் ஜன்னல், அக்கா பாவாடையைத் துவைத்து ஜன்னல் கம்பியில் போட்டால் தாத்தா பாவாடை மெல்லுவார், மழை வந்து அவள் இழுத்துக்கொண்டால் முழுங்கிவிடுவார். மெயின் ரோட்டிலிருந்து ஆட்கள் கேமராவோடு வந்து அந்தப் பாவாடைக்காகக் காத்துக் கிடந்தார்கள். படம் வந்ததிலிருந்து குடியிருப்பே ஒரு தினுசாகத்தான் ஆகிவிட்டிருந்தது. பால் வாங்கப் போகிறவன் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு போனான். யார் போட்டோவில் எப்போது விழுவோம் என்று தெரியாதே, ஆகவே நைட்டிக்கு மேல் துண்டு போடுகிற அக்காக்கள் துண்டையும் நைட்டிக்கு மேட்சாகத் தேட ஆரம்பித்தார்கள். இந்த அழகில் தேசம்மா பெரிம்மாவை நல்லா டிரெஸ் பண்ணி வரச்சொன்னால் என்ன நடக்கும் என்பது மோனிஷாவுக்கு அத்துப்படி. பெரிம்மா விசேஷத்துக்குக் கிளம்பினால் அது கிளம்பல் இல்லை, தேர் புறப்பாடு. லேவண்டர் பட்டு, முகத்தில் பிரைமர் அடித்த மாதிரி பவுடர், கழுத்து வரைக்கும் தொங்குகிற மல்லிகை, தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கண்ணாடி, போன ஆடி மாசம் கூழ் ஊற்றின அன்றைக்கு அதே கோலத்தில் அவள் ஆடியதைப் பார்த்து டோலாக் அடிக்கிறவன் அடிக்க மறந்தான். அந்தத் தேர் வெறும் சுவரின் முன்னால் மணிக்கணக்காக, அசையாமல், மேகனா வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதைத்தான் போனில் பிடிக்க வேண்டும், ஸ்டேட்டஸில் போட வேண்டும், கடைசியில் இங்கிருந்தபடியே மேகனா குரலில் "ஏமாந்திட்டீங்கோ" என்று ஒரு சத்தம் விட வேண்டும். பிறகுதான் சிரிப்பு. அதுவரைக்கும் வாயை மூடு, மோனி.

ஆனால் படியிறங்கி வந்தது தேர் இல்லை. காப்பிக்கலர் நைட்டி, தினமும் போடுகிற அதே நைட்டி, நெஞ்சில் காய்ந்த மாவு, ஓரத்தில் பிரிந்து தொங்குகிற தையல், தோளில் ஈரத்துண்டு, எண்ணெய் வைத்து முடிந்த கொண்டை, காலில் ரப்பர் செருப்பு. முகம் கழுவியிருந்தாள், அவ்வளவுதான் விசேஷம். மஞ்சள் சுவரின் நடுவை உத்தேசமாகப் பார்த்துப் போய் முதுகை அதற்குக் காட்டி, முகத்தை லைனுக்குக் காட்டி நின்றாள், பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி எடுக்கிற பிள்ளை மாதிரி கை இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டு. தொண்டை வரை வந்த சிரிப்பு அங்கேயே உட்கார்ந்துகொண்டது, இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை, மீன் முள் மாதிரி. சரி, பட்டு வரவில்லை, போகட்டும், நைட்டியும் சிரிப்புதானே, நாலு மாடி நைட்டி, மோனிஷா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேமராவைத் திறந்தாள். கேமராவில் பெரிம்மா சின்னதாகத் தெரிந்தாள். விரலால் இழுத்துப் பெரிசாக்கினாள். பெரிசானதும் பெரிம்மாவின் உதடு அசைவது தெரிந்தது, தனக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொள்கிற அசைவு, மேடையேறுவதற்கு முன் மோனிஷா செய்வது போலவே. போனை இறக்கிவிட்டாள், வெயில் கண்ணாடியில் அடிக்கிறது என்று தானாகவே ஒரு காரணம் வந்தது. அதற்குள் கீழே ஆள் சேர ஆரம்பித்தது. இங்கே ஒருத்தர் சும்மா நின்றால் போதும், ஏன் நிற்கிறாய் என்று கேட்க ஒருவர், கேட்டவருக்குப் பதில் சொல்ல ஒருவர் வந்துவிடுவார்கள். பரிமளா அக்கா பாவாடைத் தாத்தாவின் வாயிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள், வந்த வேகத்தில் பெரிம்மாவின் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாக்கா இது, மாவரைக்கிற நைட்டியோட வந்து நிக்கிற? அவ்ளோ உசரத்துக்கு வரையப் போறாங்க. அந்தப் பட்ட கட்டிகினு வர்றதுக்கின்னா?"

"பட்டுல நின்னா யாரோ பொம்பளன்னு நெனைச்சிக்குவான்" என்றாள் தேசம்மா, தலையைத் திருப்பாமல். "அவன் பாத்த அம்மா இதான்."

எவன் என்று கேட்க வாயெடுத்த பரிமளா அக்கா வாயை மூடிக்கொண்டாள். மேலே பெட்ஷீட்டுக்குப் பின்னால் மோனிஷாவுக்கும் கேட்காமலே தெரிந்துவிட்டது. டில்லி. டில்லிபாபு. பெரிம்மாவின் ஒரே பிள்ளை, இந்தக் குடியிருப்பின் முதல் ஃபேஷன்காரன், வைக்கோல் நிறத்தில் முடி, ஒற்றைக் காதில் கடுக்கன், முட்டியில் பெரிசாகக் கிழிந்த ஜீன்ஸ். அந்த ஜீன்ஸ்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஒருநாள் ராத்திரி அவன் தூங்கும்போது, ஐயோ பிள்ளை கிழிசலைப் போட்டுக்கொண்டு திரிகிறானே, அம்மா இருந்தும் பார்க்கவில்லை என்று ஊர் சொல்லுமே என்று, பெரிம்மா உட்கார்ந்து அந்தக் கிழிசல் அத்தனையையும் கறுப்பு நூலால் நெருக்கி நெருக்கித் தைத்து வைத்துவிட்டாள். மறுநாள் அவன் தான் பழகுகிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டிய நாள். காலை விட்டான், முட்டியில் மாட்டிக்கொண்டது, இழுத்தான், விழுந்தான். எழுந்தபோது ஆரம்பித்த சண்டை ஜீன்ஸிலிருந்து முடிக்குப் போய், முடியிலிருந்து அந்தப் பெண்ணுக்குப் போய், அந்தப் பெண்ணின் சாதிக்குப் போய், தெருக்குழாயடியில் எல்லார் முன்னாலும் பெரிம்மாவின் கை அவன் கன்னத்துக்குப் போய் முடிந்தது. அவன் அந்தத் தைத்த ஜீன்ஸோடுதான் போனான். நம்பரை மாற்றிவிட்டான். லைனுக்கு அந்தப் பக்கம் எங்கோ அந்தப் பெண்ணோடு குடித்தனம், தினமும் கும்மிடிப்பூண்டி வண்டியில் வேலைக்குப் போகிறான், பிளாக் பையன்கள் பார்த்திருக்கிறார்கள், வாசலில்தான் நிற்பான், ஆனால் நம்ம பிளாக் வரும்போது மட்டும் உள்ளே திரும்பிக்கொள்வான். இதெல்லாம் தெரிந்த கதை. கிழிசலைத் தைத்த அம்மா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை. தெரியாதது, பெரிம்மா இப்போது பரிமளா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருப்பது.

"நான் லைன் ஓரம் எத்தினியோ நாள் வந்து நின்னு பாத்துட்டேன். வண்டி போற ஸ்பீடுல நான் ஒரு புள்ளி. செவுத்துல நின்னா தெரியும்ல. ஒருநாள் திரும்பிக்குவான், ரெண்டு நாள் திரும்பிக்குவான். எத்தினி நாளு திரும்பிக்குவான்?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது. பெரிம்மா முகவாயை லேசாகத் தூக்கினாள், பெட்டி பெட்டியாக வாசல்களில் தொங்குகிறவர்கள் ஓடினார்கள், ஒருவன் கை காட்டினான், எவனோ. வண்டி போனதும் முகவாயை இறக்கிக்கொண்டாள், பழகிப் பார்க்கிறாள், சுவரில் ஏறிய பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று இப்போதே பழகிப் பார்க்கிறாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே. எப்படி? பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பம்பாயிலிருந்து மேகனா என்று யாரும் வரப்போவதில்லை, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். இல்லை, இது வேண்டாம். அன்பான சகோதரிகளே, ஆண்டவர் இன்று காலை நம்மை ஒரு சோதனைக்கு, இருமல், ஒரு சோதனைக்கு உட்படுத்தினார். இதுவும் வேண்டாம். பெரிம்மா, நான்தான், என்று சாதாரணமாகச் சொன்னால் என்ன, இரண்டே சொல்தானே, ஆனால் அந்த இரண்டையும் வாய்க்குள் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் குரலில் வந்தது, பெரிம்மா என்பது பரிமளா அக்கா மாதிரி, நான்தான் என்பது அப்பா மாதிரி, குடித்த அன்றைய அப்பா. இவ்வளவு நேரம் நிற்பாள் என்று யார் கண்டது, நேற்றே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும், இன்று காலை சொல்லியிருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும், இப்போது பரிமளா அக்கா இருக்கிறாள், பாஸ்டர் சம்சாரம் இருக்கிறாள், குழாயடியே இருக்கிறது, அந்தக் கன்னத்தில் விழுந்த அறையைப் பார்த்த அதே குழாயடி. நேரம் ஆக ஆக இது வளருகிறது, மாவு மாதிரி, மூடி வைத்தாலும் பொங்குகிறது, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. வெயில் ஏறியது. மோனிஷாவின் அம்மா குடையோடு போய் நின்றாள், பெரிம்மா வேண்டாம் என்று ஒதுக்கினாள், அந்தப் பொண்ணு வெயில் மூஞ்சில எப்பிடி விழுதுன்னு பாக்கணும்னு சொல்லியிருக்கு என்றாளாம். அம்மா அண்ணாந்து பார்த்து, மோனி, அங்க இன்னாடி ஒளிஞ்சிகினு நிக்கிற, ஒரு பாட்டில் தண்ணி எடுத்துகினு வா என்று குரல் கொடுத்தாள். தண்ணி. சரி. தண்ணியைக் கொடுக்கும்போது காதோடு சொல்லிவிடலாம்.

பாட்டிலோடு போய் எதிரில் நின்றாள். கிட்டத்தில் பெரிம்மாவின் மூக்கு நுனியில் வேர்வை முத்து முத்தாக நின்றது, துடைக்கவில்லை, அசையக் கூடாதே. பெரிம்மா என்று ஆரம்பித்தாள் மோனிஷா. என்ன குரலில் ஆரம்பித்தாளோ, சுற்றி நின்றவர்கள் அதற்கே சிரித்துவிட்டார்கள், குப்பை வண்டி வந்துடுச்சு என்று யாரோ சொன்னார்கள். தேசம்மாவும் சிரித்தாள். இவ வாயில எத்தினி பேர் குடியிருக்காங்களோ, ஒருத்தரும் வாடகை தர்றதில்ல என்றாள். பிறகு, சட்டென்று நினைவு வந்தவளாக, மோனிஷாவின் கையைப் பிடித்தாள்.

"ஏய், நீ என்ன மாதிரியே பண்ணுவியே. பண்ணிக் காட்டு. டில்லி வேலைக்குக் கிளம்பறப்ப படியில நின்னு கூப்புடுவேன்ல, அந்த மூஞ்ச பண்ணு. எனக்கு என் மூஞ்சி தெரிய மாட்டேங்குது. நீ பண்ணு, நான் பாத்து அதே மாதிரி நிக்கிறேன்."

மாட்டேன் என்று சொல்லத்தான் மோனிஷா நினைத்தாள். முகம் கேட்கவில்லை. அது பாட்டுக்குப் போனது, புருவம் நடுவில் கூடியது, கீழுதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கழுத்து நீண்டது, "டில்லீ, தண்ணி பாட்டிலு" என்று பெரிம்மாவின் தொண்டையிலிருந்து பெரிம்மாவின் குரல் மோனிஷாவின் வாய் வழியாக வந்தது, அதட்டுவது மாதிரி ஆரம்பித்துக் கெஞ்சுவது மாதிரி முடிகிற அந்தக் குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பரிமளா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாள். வந்துவிட்டது, காலையிலிருந்து காத்திருந்த சிரிப்பு, குடியிருப்பு முழுசுக்கும் வந்துவிட்டது, மோனிஷாவின் முகத்துக்கு மட்டும் வர முடியவில்லை, அது பெரிம்மாவின் முகமாக மாட்டிக்கொண்டு நின்றது, கழற்றத் தெரியவில்லை. எதிரில் தேசம்மா சிரிக்காமல் அதையே பார்த்தாள். புருவத்தைக் கூட்டினாள். உதட்டை ஒரு பக்கம் இழுத்தாள். "இப்பிடியா?" என்றாள். இன்னும் கொஞ்சம் என்று சொல்லத் தெரியாமல் மோனிஷா தலையை ஆட்டினாள். அம்மா முதுகில் ஒன்று வைத்து, போதும் போ, அவங்களே நின்னு நின்னு கால் கடுத்துப் போயிருக்காங்க என்று விரட்டினாள். படியேறும்போது மோனிஷாவின் கையில் பாட்டில் இருந்தது, கொடுக்கவே இல்லை. மாடிக்குப் போய்ப் பெட்ஷீட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள், சோப்பு வாசனை. சொன்னால் பெரிம்மா என்ன ஆவாள்? அடிப்பாளா? அடித்தால் தேவலை. அடிக்காமல், இந்த நைட்டியோடு, இந்தக் கூட்டத்தின் நடுவே, டில்லி போன அன்றைக்கு மாதிரி இரண்டாம் தடவை வெறுங்கையோடு படியேறுவாளே, அதை யார் பார்ப்பது. சொல்லாவிட்டால் நாளைக்கும் நிற்பாள். நாளன்றைக்கும் நிற்பாள். நிஜ மேகனாவுக்குப் போன் போட்டால்? நம்பர் யாரிடம் இருக்கிறது, இருந்தாலும் என்ன சொல்வது, அக்கா, நான் உங்கள் குரலில் ஒரு அம்மாவுக்கு மகனை வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன், வந்து வரைந்துவிட்டுப் போங்கள் என்றா. ஒரே வழிதான் இருந்தது. வரவைத்தவளே வரவில்லை என்று சொல்ல வேண்டும். சிம்மை மாற்றினாள்.

கீழே நைட்டிக் கழுத்துக்குள் கைவிட்டுச் சின்னப் பர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்த போனை எடுத்து, நம்பரைப் பார்த்ததும் தேசம்மா கையைத் தூக்கினாள், கூட்டம் அடங்கியது. அந்தப் பொண்ணுதான் என்று வாயசைத்தாள். அம்மா, சாரி, இன்னிக்கு வர முடியாது, ஏறி வரையற கிரேன் ரிப்பேர் என்றது மேகனாவின் குரல், நன்றாகவே வந்தது, இவ்வளவு நடுக்கத்திலும் அந்தக் குரல் மட்டும் நடுங்காமல் வந்தது மோனிஷாவுக்கே அருவருப்பாக இருந்தது. பரவால்லம்மா, நாளைக்கு நிக்கிறேன் என்றாள் தேசம்மா. நாளைக்கும் முடியாது. அப்ப நீ சொல்ற அன்னிக்கு. பெயின்ட் இல்லை. மஞ்சள் மீந்து போச்சே, மாடியில வச்சிகிறாங்க, அதுலயே வரையேன், மஞ்சள் கெழங்கு பூசின மாதிரி இருக்கும், எனக்கு ஒண்ணுமில்ல. பர்மிஷன் இல்லேன்னு சொல்லிட்டாங்கோ. யாரு சொன்னது, வாய்யா பேசிக்கலாம்னு நான் போய் அவன் வீட்டு வாசல்ல உக்காரறேன். மோனிஷா எதைச் சொன்னாலும் பெரிம்மா அதை வாங்கி மடித்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கை நீட்டினாள். பொய் தீர்ந்துகொண்டே வந்தது. கூட்டம் இன்னா சொல்லுது, இன்னா சொல்லுது என்று முண்டியது, தேசம்மா இரண்டு அடி தள்ளிப் போய் லைன் பக்கம் திரும்பிக்கொண்டாள், குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்குக் கஷ்டமா இருந்தா அவ்ளோ பெருசு வேணாம்மா. ஒரு மாடி உசரம் போதும். வண்டியில போறவங்களுக்கு இன்னார்னு தெரியணும், அவ்ளோதான். ஒரு மாடில தெரியுமா? நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லு. தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லிவிட்டால் முடிந்தது, வீட்டுக்குப் போய்விடுவாள், வெயிலில் நிற்க மாட்டாள். ஆனால் கீழே பெரிம்மாவின் கழுத்து நீண்டிருந்தது, கீழுதடு ஒரு பக்கம் இழுத்திருந்தது, இப்போதுதான் கற்றுக்கொடுத்த மாதிரியே, போனுக்கு அந்தப் பக்கம் யாரும் பார்க்க முடியாது என்று தெரிந்தும்.

"தெரியும்மா" என்றாள். "நல்லா தெரியும். கண்டிப்பா தெரியும். டில்லி அண்ணன் பாப்பாரு."

எந்தக் குரலில் சொன்னோம், யார் பேரைச் சொன்னோம் என்பது சொல்லி முடித்த பிறகும் அவளுக்கு உறைக்கவில்லை. பெரிம்மா ஏன் பேசவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். லைன் கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள், இல்லை, ஓடிக்கொண்டிருந்தது. கீழே தேசம்மா அப்படியே நின்றாள், காலையிலிருந்து நின்றதைவிட அசையாமல். பரிமளா அக்கா பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு என்னவோ கேட்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை என்று கையை மட்டும் ஆட்டினாள். நிமிர்ந்து ஐந்தாம் பிளாக்கைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து, வாயையும் போனையும் சேர்த்து மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"மோனி. நேத்தும் நீதானாம்மா?"